குமிழி அளந்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில், ஆமாம், காட்டில்தான், கரடியார் ஒருவர் பிளாஸ்டிக் கம்பெனி வைத்திருந்தார். உங்களுக்கு மட்டும்தான் கம்பெனி வேண்டுமா? வெங்காயத் தோலைவிட மெல்லிசாக ஃபிலிம் போட்டு, கூட்டுக்கும் வளைக்கும் கூரை கட்ட விற்றார். ஒரே தொல்லை, ஃபிலிமுக்குள் காற்று மாட்டிக்கொண்டு குட்டிக் குட்டிக் குமிழியாக நின்றது. வாங்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

குமிழியை அளக்க முள்ளம்பன்றி தணிகாசலத்தை வேலைக்கு வைத்தார். தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் ஸ்கேல். முள்ளில்தான் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு இருக்கிறதே! குமிழிக்குள் முள்ளை இறக்குவார், எத்தனை கோடு உள்ளே போனது என்று பார்ப்பார். எதையும் இரண்டு தடவை அளக்க வேண்டும், இரண்டாவது அளவுதான் செல்லும் என்பது கம்பெனி விதி. இரண்டாவது தடவை குமிழியே இருக்காது. 'சுத்தமான சரக்கு' என்று முத்திரை குத்திவிடுவார். பாவம், மனுஷன் பொய் சொல்லி அறியாதவர்.

காட்டுக்கோழி வள்ளிநாயகி அப்போது அடைகாத்துக்கொண்டிருந்தாள். முத்திரை குத்திய ஃபிலிமைத்தான் முட்டைகளுக்கு மேலே கட்டினாள். முதல் மழையிலேயே சல்லடையாக ஒழுகியது. முட்டை குளிர்ந்தால் குஞ்சு ஏது? கம்பெனிக்கு ஓடித் தணிகாசலத்தைப் பிடித்தாள்.

"சார், ஒரே ஓட்டை சார்."

"குமிழி இருக்காம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன குறை? ஓட்டை என் டிபார்ட்மெண்ட் இல்லையே."

இவரிடம் பேசிப் பயனில்லை என்று வள்ளிநாயகி பின்பக்கம் போனாள். அங்கே அளக்காமல் ஒதுக்கிய ஃபிலிம் உடம்பெல்லாம் கொப்புளமாகக் கிடந்தது. கழிவுதானே என்று கரடியார் சும்மாவே கொடுத்தார். அதைக் கட்டினாள். அடுத்த மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை.

அந்த மழையிலேயே தணிகாசலம் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். அவருடைய வளைக்கும் அவரே முத்திரை குத்திய கூரைதான்.

"கொஞ்சம் ஒதுங்கிக்கலாமாம்மா?"

வள்ளிநாயகிக்கு மனசு கேட்கவில்லை. "வாங்க சார். முட்டை பத்திரம்."

உட்கார்ந்தார். உடம்பு காய்ந்தது. நன்றியில் கண்கூடக் கலங்கியது. அப்புறம்தான் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். அடேயப்பா, எத்தனை குமிழி! இவ்வளவு நல்ல அம்மா இப்படியா குடியிருப்பது? அவருக்குத் தாங்கவில்லை. செய்த உதவிக்குக் கைமாறாக, வள்ளிநாயகி கண்ணசந்த நேரம் பார்த்து முள்ளைச் சிலிர்த்து, ஒன்று விடாமல் இரண்டிரண்டு தடவை அளந்தார்.

அலகில் சொட்டு விழுந்து வள்ளிநாயகி விழித்தாள். முட்டைகள்மேல் சிறகை விரித்து, மழை மொத்தத்தையும் முதுகில் வாங்கிக்கொண்டு, "என்ன சார் பண்ணீங்க?" என்றாள் அழாத குறையாக.

"இனிமே கவலைப்படாதீங்கம்மா," என்றார் தணிகாசலம். "உங்க கூரையில ஒரு குமிழிகூடக் கிடையாது."

நீதி: நனைந்து வரும் தர ஆய்வாளருக்குத் தாராளமாக இடம் கொடுங்கள், ஆனால் கூரை கண்ணில் படாதபடி குப்புறப் படுக்க வையுங்கள்.