நம்பிக்கையான ஆள் தேவை

“பையைக் கீழே வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுங்க தம்பி. கடன் கிடன் ஏதாவது இருக்கா?”

ஒரு காலில் செருப்போடும் மறு காலில் செருப்பில்லாமலும் சாவிக்காரன் வாசலிலேயே நின்றுவிட்டான். எத்தனையோ வீடுகளில் பூட்டுத் திறந்திருக்கிறான். “எவ்வளவு ஆகும்?” என்பார்கள், “எவ்வளவு நேரம் ஆகும்?” என்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை.

“இல்லீங்கம்மா.”

“குடிப்பழக்கம்?”

“டீ மட்டும்தாம்மா.”

வீட்டுக்காரம்மா சோபா பக்கம் திரும்பினாள். அவள் கணவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரமாக அவளுடைய அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். தாள் கொஞ்சம் தாழ்ந்து இரண்டு கண்கள் தெரிந்தன. பிறகு மறுபடி உயர்ந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க. பீரோ திறக்க மாட்டேங்குது. உள்ளே நகை இருக்கு. கண்டவனையும் வீட்டுக்குள்ள விட முடியுமா? நாலு இடத்துல விசாரிச்சுட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டோம்.”

அதுவும் நியாயம்தான் என்று பட்டது அவனுக்கு. போன மாதம் பக்கத்துத் தெருப் பூட்டுக்காரர் மேல் ஒரு வீட்டில் திருட்டுப் பழி விழுந்தது. காணாமல் போன சங்கிலி பிறகு அதே வீட்டு மெத்தைக்கு அடியில் கிடைத்தது. ஆனால் அதற்குள் ஊரே சேர்ந்து அவர் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டது. இந்தத் தொழிலில் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் போதாது, பேரும் சுத்தமாக இருக்க வேண்டும்.

“என்ன கேக்குறீங்க?” என்றார் கணவர்.

“பீரோவுக்கு முந்நூறு சார்.”

“முந்நூறுதானா? எல்லாரும் ஐந்நூறு கேக்குறாங்க. நீங்க மட்டும் ஏன் கம்மி?”

“சரி சார், நானூறு குடுங்க.”

“இப்ப எதுக்குத் திடீர்னு ஏத்துறீங்க?”

“அப்போ... நீங்களா பார்த்துக் குடுங்க சார்.”

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “சொந்த உழைப்புக்கு ஒரு விலை சொல்லத் தெரியலையே. பிழைக்கத் தெரியாத ஆளா இருப்பான் போலிருக்கே?”

“முந்நூறு!” என்று கத்திவிட்டான் அவன். “முதல்லயும் முந்நூறுதான், கடைசியிலயும் முந்நூறுதான்!”

“கோபம் வருது,” என்றார் கணவர் தாழ்ந்த குரலில்.

“வரட்டுமே,” என்றாள் வீட்டுக்காரம்மா. “நியாயமான கோபம்தானே?”

படுக்கையறைக்குள் அழைத்துப் போனார்கள். கம்பியை நுழைத்து ஒரு திருப்புத் திருப்பினான். சொன்னபடி கேட்கும் குழந்தை மாதிரி பீரோ திறந்துகொண்டது. பூட்டில் ஒரு கோளாறும் இல்லை. அங்கேதான் அவனுக்குச் சந்தேகம் தட்டியது.

“அம்மா, பூட்டு நல்லாத்தானே...”

திரும்பினால் அறையில் ஒருவரும் இல்லை. அவனும் திறந்த பீரோவும் மட்டும்தான். கண்ணெதிரே, பெட்டியிலிருந்து பாதி வெளியே தொங்கிக்கொண்டு ஒரு அட்டிகை பளபளத்தது.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்தான்.

“ஏன் தம்பி, பூட்டைச் சரி பண்ணாம பாதியில வந்துட்டீங்க?”

“யாராவது கூட வந்து உட்காருங்கம்மா. இல்லேன்னா எனக்கு வேலை ஓடாது.”

அண்ணன் எழுந்து வந்தார். கட்டிலில் சாய்ந்தார். சாய்ந்ததுமே குறட்டை. சாவிக்காரன் எட்டிப் பார்த்தான். குறட்டை பலமாகத்தான் வந்தது, ஆனால் ஒரு கண் அரைவாசி திறந்திருந்தது.

‘சிக்க வைக்கப் பார்க்கிறார்கள்’ என்று முடிவு செய்தான். இனி ஒரு நிமிஷமும் இங்கே இருக்கக் கூடாது. கருவிகளை அள்ளிப் பையில் போடப் போனவன் அப்படியே உறைந்தான். பைக்குள், திருப்புளிகளுக்கு நடுவே ஒரு தங்க மோதிரம்.

எடுத்துக் கொடுத்தால், உன் பைக்குள் எப்படி வந்தது என்பார்கள். சத்தமில்லாமல் பீரோவில் வைக்கலாம் என்றால் கட்டிலில் அந்த அரைக் கண் இருக்கிறது. அப்படியே விட்டுப் போனால், அவ்வளவுதான், கடையும் போச்சு, மானமும் போச்சு.

“மோதிரம்!” என்று அலறினான். “எல்லாரும் வாங்க! மோதிரம்! நான் தொடவே இல்லை! பையோட தூக்கிட்டுப் போய் நீங்களே எடுத்துக்கோங்க!”

குறட்டை சட்டென்று நின்றது. கணவனும் மனைவியும் ஓடி வந்தார்கள். வீட்டுக்காரம்மா மோதிரத்தை எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கணவரைப் பார்த்தார். கணவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். சாத்தியும் காதில் விழுந்தது.

“ஆமா, ஒருவழியா ஆளைப் பிடிச்சாச்சு... இங்கேதான் இருக்கான்... விடுவோமா? நீங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே வாங்க.”

சாவிக்காரன் பையைத் தூக்கித் தோளில் மாட்டினான்.

“சார், எனக்குக் காசே வேண்டாம். நான் கிளம்புறேன்.”

“அதெப்படி?” என்று அண்ணன் எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “கொஞ்ச நேரம் இருப்பா. நாலு பேர் உன்னைப் பார்க்க வர்றாங்க.”

அந்தக் கதவின் பூட்டு அவனுக்கு ஒரு கொசுக்கடி. கண்ணை மூடிக்கொண்டே திறந்துவிடுவான். ஆனால் திறந்தால் அதுவே சாட்சியாகிவிடும். பூட்டுத் திறந்து பிழைக்கிறவன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பூட்டைப் பார்த்துப் பயந்தான்.

“கை கழுவிட்டு வந்துடுறேங்க...”

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டான். குழாயைத் திறந்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டான். அவசரத்தில் முதல் இரண்டு தடவை தப்பாக அழுத்தினான்.

“அம்மா, பதறாம கேளு. நான் வசமா மாட்டிக்கிட்டேன். நல்லா இருக்கிற பூட்டைத் திறக்கச் சொல்லிட்டு, நகையைக் கண்ணுக்கு முன்னால பரப்பி வெச்சு, மோதிரத்தைப் பையில போட்டு... நான் எதையும் எடுக்கலைம்மா, சத்தியமா எடுக்கலை! கதவை வேற பூட்டிட்டாங்க. நாலு பேர் வர்றாங்களாம். போலீஸாத்தான் இருக்கும். நீ எனக்கு ஒரு வக்கீலைப் பாரு...”

மறுமுனையில் அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் மூச்சு வாங்க நிறுத்தியதும் கேட்டாள்:

“அதெல்லாம் கிடக்கட்டும்டா. பொண்ணைக் கண்ணுல காட்டினாங்களா, இல்லையா?”