விக்கல் எடுத்த பாட்டு

மனைவி சமையலறைப் பக்கம் நாலு அடி வைத்ததுமே ரெக்கார்ட் பிளேயரின் ஊசி துள்ளியது. பாடகி ஒரே சொல்லை மூன்று தடவை பாடினாள்.

“மெதுவா நடன்னு சொன்னேன்ல?” என்று கத்தினார் சர்வேயர்.

“பறக்கவா முடியும்? என் தங்கச்சி வீட்டுல பிள்ளைங்க குதிச்சாக்கூட ஊசி அசையறதில்ல.”

சர்வேயருக்கு வயிறு பற்றி எரிந்தது. இவரைப் பார்த்துத்தான் சகலை ரெக்கார்ட் பிளேயரே வாங்கினான். பல் பிடுங்குகிறவனுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் மாமியார் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார்: “பெரிய மாப்பிள்ளை வீட்டுப் பாட்டுக்கு விக்கல்.”

பிளேயர் இருந்த பிளைவுட் அலமாரிதான் நடுங்குகிறது என்று கண்டுபிடித்தார். கனம் இருந்தால் அதிர்வு அடங்குமாம். இரண்டு அங்குலக் கிரானைட் பலகையை வாங்கி அலமாரியில் ஏற்றினார். சாயங்காலமே சுவரிலிருந்து திருகாணிகள் கழன்று, கல் விழுந்து, தரையில் இரண்டு டைல்ஸ் உடைந்தன. நல்லவேளை, இறக்கி வைத்த பிளேயர் இன்னும் சோபாவில்தான் இருந்தது.

அடுத்து, கல்லைத் தரையிலேயே போட்டு, அடியில் பாதி காற்றடித்த சைக்கிள் டியூபை வைத்தார். தெருவில் லாரி போனபோது பிளேயர் படகு மாதிரி ஆடியது.

“விக்கல் போய் இப்ப பாட்டுக்கு மயக்கமே வந்துடுச்சு,” என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை, சட்டைப்பையில் ரசமட்டத்தோடு சகலை வீட்டுக்குப் போனார். பிளேயர் இருந்தது மெல்லிய கண்ணாடித் தட்டில்! ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி ஓரமாக ஓடி ஒட்டிக்கொண்டது. தட்டு கோணல்.

ஆனாலும் பாட்டு தேனாக வழிந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டு ஒருமுறை குதித்தும் பார்த்தார். சுவரில் மாட்டிய படங்கள் ஆடின. பாட்டு ஆடவில்லை.

“எப்படி சகலை?”

“எல்லாம் கைராசி அண்ணே!” என்று சிரித்த சகலை, திடீரென்று சட்டைப்பையைத் தடவிக்கொண்டு பால்கனிக்கு ஓடினான்.

பாட்டு சட்டென்று நின்றது. இசைத்தட்டு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஊசியும் அதன் மேலேதான் இருந்தது. சர்வேயர் மாமியார் பக்கம் திரும்பினார்.

“ஐயோ அத்தை, நான் குதிச்சு உடைச்சுட்டேனா?”

சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிரவேயில்லை.

“பயப்படாதீங்க மாப்பிள்ளை. சின்னவருக்கு போன் வந்தா இப்படித்தான் நிக்கும். பேசி வச்சதும் பாட்டு தானா வந்துடும்.”