இலை போட்ட பனியன்

பனியன் பண்டலைப் பார்த்ததும் அர்த்தநாரிக்கு வியர்த்தது. அதற்குள் ஏழாம் வகுப்பு மொத்தமும் மாட்டிக்கொண்டுவிட்டது. ஒவ்வொரு நெஞ்சிலும் பச்சையாக ஒரு கஞ்சா இலை. பள்ளியின் போதை ஒழிப்புப் பேரணி கிளம்பத் தயாராக நின்றது.

தன் பனியன் கம்பெனியின் குடோனுக்குப் போன் போட்டான்.

“ராஜபாண்டி, என்னத்த அனுப்பி வெச்சே?”

“எக்ஸ்போர்ட்ல மிஞ்சுன, இலை போட்ட பண்டல்னு நீங்கதேன சார் சொன்னீக?”

“நான் சொன்னது வேப்பிலை!”

“இது ஜெர்மனி ஆர்டர் சார். அங்க கஞ்சாவ சட்டமே விட்டுருச்சாம்ல? இங்கயும் விட்டா என்னங்கிறேன்?”

“விடறப்ப விடட்டும். இன்னைக்கு விடலையே!”

பேரணியை நடத்துபவர் தலைமையாசிரியர் லிங்கசாமி. அவர் மகள் கிருத்திகாவுக்கும் அர்த்தநாரிக்கும் அடுத்த வாரம் நிச்சயம். பனியன் நான் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தது அவன்தான். பிள்ளைகளிடம் ஓடினான்.

“கண்ணுகளா, எல்லாரும் உள்பக்கத்த வெளிய திருப்பிப் போடுங்க!”

போட்டார்கள். மெல்லிய துணி. இலை அப்படியே தெரிந்தது. தையல் வேறு வெளியே தெரிந்ததால் தெருவே நின்று பார்த்தது.

மறுபடி நேராகப் போடச் சொல்லி, நெஞ்சை மறைத்துத் தாள் குத்தினான். மேல்வரி ‘போதை’, கீழ்வரி ‘வேண்டாம்’. மெயின் ரோட்டில் திரும்பியதும் காற்று. ‘வேண்டாம்’ மடங்கிக்கொண்டது. ‘போதை’ என்ற சொல்லும் கீழே இலையுமாக ஊர்வலம் நகர்ந்தது.

டீக்கடையிலிருந்து ஒருவர் கேட்டார், “ஏனுங்க, எங்க கிடைக்குதுங்க?”

லிங்கசாமி நெருங்கி வந்தார். “மாப்ள, இதென்ன இலைங்க?”

“மரவள்ளிங்க மாமா. நம்ம பக்கம் விளையறதாச்சேன்னு...”

 அவரோ அதை நம்பி, பள்ளிக்குத் திரும்பியதும் மைக்கைப் பிடித்துவிட்டார். “போதையை விடுவோம், மரவள்ளியை உண்போம்! எங்க மாப்பிள்ளையோட யோசனைங்க. எல்லாரும் கைதட்டுங்க!”

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். ஓரமாக நின்ற கிருத்திகா மட்டும் தட்டவில்லை. அர்த்தநாரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வகுப்புத் தலைவி அக்ஷரா தலைமையாசிரியரைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

“சார், பனியனத் திருப்பிக் குடுத்தர்லாமுங்களா?”

“ஏன் கண்ணு, அளவு சரியில்லையா?”

“இல்லீங்க சார். நம்ம ஸ்கூல் கேட்டு முன்னால கஞ்சா விக்கிற அண்ணனும் இதத்தானுங்க போட்டிருப்பாரு. நாங்களும் போட்டா, வாங்க வர்ற பெரிய கிளாஸ் அண்ணனுங்களுக்கு அவரு யாருன்னே தெரியாதுங்களே!”