கிம் அக்காவுக்கு நான் பார்த்துக் கொடுத்த இங்கிலிஷ் பள்ளிக்கூடம்

பிள்ளைகளே, ஜேர்மனியில் உங்கள் அப்பா அம்மா எந்தப் புதிய இடத்துக்குப் போனாலும் முதலில் என்ன கேட்பார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வீட்டு வாடகையையோ தண்ணீர் ஒழுகுகிறதா என்பதையோ கேட்கமாட்டார்கள். "அங்க எங்கட ஆக்கள் இருக்கினமோ?" என்றுதான் கேட்பார்கள், தமிழர் இருக்கிறார்களா என்று.

நானும் அந்தக் கூட்டம்தான். கார் ஓட்டப் பழகியது எங்கட ஆக்கள் பழகிய இடத்தில். பல்லுப் பிடுங்கியது எங்கட ஆக்கள் போகிற டொக்டரிடம். (பிடுங்கியது பக்கத்துப் பல்லு. ஆனால் காத்திருக்கிற அறையில் நல்ல கதை.) இந்தக் கேள்வியை நான் ஒருமுறை கொரிய நாட்டுக் குடும்பம் ஒன்றுக்காகக் கேட்கப் போய்ப் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சிரிக்கலாம். என் வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.

பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில், நாங்கள் இருந்த கட்டடத்தின் மேல்மாடிக்கு ஒரு கொரியக் குடும்பம் வந்து சேர்ந்தது. கணவருக்குப் பெரிய கொரியக் கம்பனியில் வேலை. மனைவியை நாங்கள் கிம் அக்கா என்றோம். அவர்களுக்கு ஒரே மகள், மின்ஜி. பதினொரு வயது. என் மகள் துளசிக்கு அப்போது பதினான்கு.

ஒருநாள் கிம் அக்கா கதவைத் தட்டினார். நாங்கள் பேசிக்கொள்வது ஜேர்மனில். அவருடைய ஜேர்மன் அரைகுறை, என்னுடையது கால்குறை. கேட்கிறவர்களுக்குத்தான் கஷ்டம், எங்களுக்கு நன்றாகவே விளங்கும்.

"உங்கள் மகள் ஆங்கிலம் அழகாகக் கதைக்கிறாள். மின்ஜிக்கும் பின்னேரங்களில் போய் ஆங்கிலம் பழக ஒரு நல்ல தனியார் பள்ளிக்கூடம் பார்த்துத் தர முடியுமா?"

துளசி இங்கிலிஷ் பழகியது பாதி பள்ளிக்கூடத்தில், பாதி கார்ட்டூன் பார்த்து. எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, பாண் தொழிற்சாலையில் மாப் பிசைகிறவன். ஆனாலும் என் நெஞ்சு அந்த மாவைப் போலப் பொங்கிவிட்டது. "அதை என்னிடம் விடுங்கள்" என்றேன்.

விஷயம் சின்னதில்லை. அடுத்த வருடம் மின்ஜியை எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் நடக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்க்க வேண்டும். அதற்கு அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரோடு ஆங்கிலத்தில் நேர்முகம். மின்ஜி ஆறு வயதிலிருந்து ஆங்கிலம் படித்தவள். பக்கம் பக்கமாக எழுதுவாள், ஒரு பிழை இருக்காது. ஆனால் யாராவது "எப்படி இருக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் அம்மாவின் கோட்டுக்குள் போய்விடுவாள். இடம் கிடைக்காவிட்டால் தாயும் மகளும் கொரியாவுக்குத் திரும்பிப் போக, தகப்பன் மட்டும் இங்கே தனியாக இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது கிம் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, எங்கள் வீட்டுச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் நேரில் போய்ப் பார்க்க முடியாது. நீங்களே பார்த்து வாருங்கள்" என்றும் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

துளசியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் பள்ளிக்கூடத்தில் கதவைத் திறந்ததுமே சந்தை இரைச்சல். ஒரு வகுப்பில் பிள்ளைகள் அப்பம் மாதிரி ஏதோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் பாடமாம். பிரேசில் பெடியன் ஒருவனும் போலந்துப் பெட்டை ஒருத்தியும் மாவுக்கு உப்புப் போடுவதா சீனி போடுவதா என்று ஆங்கிலத்தில் சண்டை. ஆசிரியை அதைத் தடுக்காமல் சிரித்துக்கொண்டு நின்றார்! யாழ்ப்பாணத்தில் நான் படித்த டியூட்டரியில் இப்படிச் சத்தம் வந்திருந்தால் மாஸ்டர் எங்களைத்தான் அப்பம் சுட்டிருப்பார்.

அலுவலகப் பெண்ணிடம் என் கேள்வியைக் கேட்டேன். "இங்கே கொரியப் பிள்ளைகள் எத்தனை பேர்?"

"ஒருவரும் இல்லை."

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அந்தக் குழந்தை இந்தக் கூட்டத்தில் தனியாக என்ன செய்யும்?

"அப்பா, இது நல்லம். எல்லாரும் வாய் திறந்து கதைக்கினம்" என்றாள் துளசி.

"நீ பேசாம வா. கதைக்கிறதுக்கோ காசு கட்டுறது?"

(இங்கிலிஷ் கதைக்கப் பழகுவதற்குத்தான் காசு கட்டுகிறார்கள் என்பது அந்த நிமிடம் எனக்கு ஓடவில்லை.)

இரண்டாவது பள்ளிக்கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். கோட்டு மாட்டுகிற கொழுவிகளில் எழுதியிருந்த பெயர்களில் பாதிக்கு மேல் கொரியப் பெயர்கள். சுவரில் கொரிய எழுத்தில் ஒரு வரவேற்புப் பலகை. வகுப்பில் எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. எனக்கு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம். யாருடைய ஊர் என்பதைத்தான் மறந்துவிட்டேன்.

"அப்பா, ஒருத்தரும் கதைக்கேல்லையே" என்றாள் துளசி.

"அதுதான்டி படிப்பு!"

சேர்வதற்கு முன் இருந்து பார்க்கிற வகுப்புக்குச் சனிக்கிழமை டெர்மின் (நேரம்) எடுத்தேன். "பிள்ளையைக் கொரியப் பிள்ளைகளுக்கு நடுவில் இருத்துங்கள்" என்று தனியாகவும் கேட்டுக்கொண்டேன். கிம் அக்காவிடம், "அருமையான பள்ளிக்கூடம். உங்களுக்கு அங்கே ஒரு ஆச்சரியம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை என் பழைய வான் வண்டியில் தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போய், கலியாண வீட்டுக்காரன் மாதிரிக் கதவைத் திறந்து பிடித்தேன். உள்ளே பெற்றோர் உட்காரும் வாங்கில் முத்துமாலை போட்ட ஒரு கொரிய அம்மா. கிம் அக்காவைக் கண்டதும் அவர் எழுந்தார். கிம் அக்கா குனிந்து வணங்கினார். அவரும் குனிந்தார். கிம் அக்கா இன்னும் தாழக் குனிந்தார். அவரும் விடவில்லை. பிரிந்த சொந்தங்கள் சேர்ந்துவிட்டன என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு வாயை மூடியிருக்கலாம். நான் முன்னுக்குப் போய், என் ஜேர்மனில், கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிமுகம் செய்துவைத்தேன்.

"இவர் எங்கள் மேல்வீடு. கணவர் பெரிய கம்பனியில் வேலை. பிள்ளை நல்ல கெட்டிக்காரி, ஆனால் ஆங்கிலம் வாயில் வராது! ஒரு சொல்லும் வராது! அதுதான் கூட்டிக்கொண்டு வந்தேன்!"

மின்ஜி அம்மாவின் கோட்டுக்குள் போய்விட்டாள். இந்தத் தடவை கிம் அக்காவுக்கும் போவதற்கு ஒரு கோட்டு இருந்திருந்தால் போயிருப்பார்.

வகுப்பிலும் மின்ஜி வாய் திறக்கவில்லை. மற்றக் கொரியப் பிள்ளைகளும் திறக்கவில்லை. ஒருவர் பிழை விட்டால் மற்றவர்கள் வீட்டில் போய்ச் சொல்லிவிடுவார்களே! நான் கண்டு மயங்கிய அமைதி அந்தப் பயம்தான்.

திரும்பி வரும்போது வானிலும் அதே அமைதி. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கிம் அக்கா சொன்னார்.

"அவர் என் கணவருடைய மேலதிகாரியின் மனைவி. மின்ஜி நன்றாக ஆங்கிலம் கதைப்பாள் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தோம். கொரியர்கள் யாரும் என்னைக் காணக்கூடாது என்றுதான் உங்களை அனுப்பினேன்."

வீட்டுக்குள் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, "இதென்ன புதினமான சனமப்பா! சொந்தச் சனத்தைக் கண்டு ஆராவது ஒளிப்பினமோ?" என்றேன்.

மனைவி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார்.

"இஞ்சாருங்கோ, துளசி போன வருஷம் கணக்கில கோட்டை விட்டவள் எல்லோ? டியூஷன் எங்க போட்டனீங்கள்?"

"மைன்ஸில."

"மைன்ஸுக்கு ரெயில் ஏத்தி. ஏன், அடுத்த தெருவில செல்வம் அண்ணை கணக்குப் படிப்பிக்கிறார் தானே?"

"ஓம்… அவரிட்ட விட்டால் எங்கட ஆக்கள் எல்லாருக்கும்…"

"சொல்லுங்கோ, சொல்லுங்கோ."

நான் வெங்காயத் தோலைப் பொறுக்கத் தொடங்கினேன். துளசிதான் அறைக்குள் இருந்து கத்தினாள்: "தெரிஞ்சிடும்!"

அன்று பின்னேரமே ஒரு தட்டில் மீன் ரோல்ஸ் எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினேன். என்ன சொல்வது என்று ஏறும்போதே பாடமாக்கினேன். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோய், தட்டை நீட்டிக்கொண்டு நானும் குனிந்தேன். ஒரு ரோல்ஸ் உருண்டு போய் அவர் காலடியில் விழுந்தது.

கிம் அக்கா சிரித்துவிட்டார்.

"இப்போதுதான் அந்த அம்மா தொலைபேசியில் கதைத்தார். தன் மகனுக்கும் ஆங்கிலம் வாயில் வராதாம். அவர் என்னைக் காணவில்லையாம், நானும் அவரைக் காணவில்லையாம்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "ஆனால் மின்ஜி இனி அங்கே போகமாட்டாள். என்ன செய்வது?" என்றார்.

நான் அவர் காலடியில் கிடந்த ரோல்ஸைப் பொறுக்கினேன். எனக்குப் பின்னால் படியேறி வந்த துளசி ஜேர்மனில் சொன்னாள், "நாங்கள் முதலில் பார்த்த, அப்பம் சுடுகிற இடத்துக்கு விடுங்கள் அக்கா. அங்கே கொரியர் ஒருவரும் இல்லை."

மின்ஜி அங்கே சேர்ந்தாள். முதல் இரண்டு கிழமையும் வாய் திறக்கவில்லை. நான் தினமும் வேலையால் வந்ததும், "பிள்ளை கதைச்சதாமோ?" என்று கேட்டுக் கேட்டு மனைவியிடம் ஏச்சு வாங்கினேன். மூன்றாவது கிழமை அந்தப் பிரேசில் பெடியன் அவளுடைய மாவுக்குள் உப்பைக் கொட்டிவிட்டான். அங்கே அவள் பிழை விட்டால் வீட்டில் போய்ச் சொல்ல ஒரு கொரியரும் இல்லை. "நோ! நோ சோல்ட்! யூ ஆர் வெரி பாட் குக்!" என்று மின்ஜி கத்தினாளாம். அந்த வாய் பிறகு மூடவே இல்லை.

வசந்தகாலத்தில் நேர்முகம் வந்தது. "உனக்கு நடந்த ஒரு விஷயத்தைச் சொல்" என்று தலைமை ஆசிரியர் கேட்டிருக்கிறார். மின்ஜி, கீழ்வீட்டு மாமா பள்ளிக்கூடத்துக் கோட்டுக் கொழுவிகளில் கொரியரைத் தேடிய கதையை, குனிந்து குனிந்து நடித்தும் காட்டி ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். ஆசிரியர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். இடம் கிடைத்தது. தகப்பனைத் தனியாக விட்டு யாரும் போகவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் ஒரு கடையின் பெயர் சொன்னாலும், "கொரியன் ஆக்கள் எத்தினை பேர் அப்பா?" என்றுதான் கேட்பார்கள்.

போன இலையுதிர்காலம் துளசி படிக்க டிரெஸ்டனுக்குப் போனாள். போகும்போது, "நல்லாத் தேடிப் பாத்திட்டன், என்ர கட்டடத்தில ஒரு தமிழரும் இல்லை" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத்தான் ரெயில் ஏறினாள். ஒரு கிழமை போகவில்லை, தொலைபேசி வந்தது. குரல் அடைத்திருந்தது. மூக்கொழுகும் தடிமன், காய்ச்சல்.

"அப்பா… ஒரு ரசம் குடிச்சால் நல்லம் போல கிடக்கு. இஞ்ச எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

இந்தக் கேள்விக்காக நான் ஐந்து வருடம் காத்திருந்தேன், பிள்ளைகளே.

"விசாரிச்சுச் சொல்லுறன்" என்றேன். "எந்த ஆக்கள் வேணும்? தமிழோ, கொரியனோ?"