மழையில் நின்ற இன்ஜினியரும் ரிஜெக்ட் அக்காவும்

உலகத்திலேயே உப்புமாவை எழுத்துபூர்வமாக நிராகரித்த ஒரே மனுஷி எங்கள் ரிஜெக்ட் அக்காவாகத்தான் இருப்பாள்.

இருங்காட்டுக்கோட்டை லேடீஸ் ஹாஸ்டலில் நான் சேர்ந்த முதல் காலை அது. தட்டோடு வரிசையில் நிற்கிறேன். உப்புமா அண்டாவின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் அழகான கையெழுத்தில், ‘குறை: கட்டி. எண்ணிக்கை: எண்ண முடியவில்லை. முடிவு: திருப்பி அனுப்பவும்.’ சமையல்காரம்மா இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள் சேமியா வந்தது.

ஒரகடத்தில் கார்களுக்கு சைடு மிரர் செய்யும் கம்பெனியில் எங்களுக்கு வேலை. நாங்கள் பதினெட்டு பேர் டிரெயினிங் பெண்கள், லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்குவோம். அக்கா பெர்மனென்ட். லைனின் கடைசியில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாடியையும் விளக்கில் சாய்த்துப் பார்ப்பாள். கீறலோ புள்ளியோ இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி சிவப்புத் தொட்டியில் போடுவாள். நாள் முழுக்கக் கண்ணாடி பார்த்தும் தன் தலைமுடியைச் சரிசெய்துகொள்ளாத ஒரே பெண்ணும் அவள்தான்.

அந்த ஸ்டிக்கர் கட்டு எப்போதும் பையில் இருக்கும். ஹாஸ்டல் குழாய், என் சுடிதார் தையல், வார்டன் வைத்த பிள்ளையார் படத்தின் பிரேம் என்று எதுவும் தப்பியதில்லை. ஊரிலிருந்து, அதாவது அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து, அவள் அம்மா ஒரு மாப்பிள்ளை போட்டோ அனுப்பினார். ‘குறை: சிரிப்பு முகத்தோடு பொருந்தவில்லை. எண்ணிக்கை: ஒன்று’ என்று ஒட்டி, போட்டோ அடுத்த தபாலிலேயே ஊருக்குப் போனது. அப்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டு.

“ஏங்க்கா இப்படி?” என்றேன்.

“பொருந்தாததப் பொருந்தாதுன்னு சொல்லதுக்குத்தானட்டி எனக்குச் சம்பளம்!”

இப்படிப்பட்டவள் காதல் நாவல் எழுதுவாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை. ஆனால் அதுவரை நான்கு எழுதி முடித்திருந்தாள். கம்பெனியில் வீணாய்ப்போன பழைய செக் ஷீட்களின் பின்பக்கம்தான் கையெழுத்துப் பிரதி. முதல் பக்கத்தில் ‘எழுதியது: டோக்கன் 4417’ என்று அவள் கம்பெனி நம்பர் மட்டும் இருக்கும். போனில் எழுதலாமே என்றதற்கு, “போன்ல எழுதினா ஸ்டிக்கர எங்க ஒட்ட?” என்றாள். நியாயம்தான். தன் எழுத்தையே அவள் பாதிக்குப் பாதி ரிஜெக்ட் செய்வாள். ‘குறை: இவன் இப்படிப் பேச மாட்டான்’ என்று பல பக்கங்கள் சிவந்து கிடக்கும்.

நாயகன் எல்லா நாவலிலும் மெயின்டனன்ஸ் இன்ஜினியர்தான். மாற்றிப் பாரேன் என்று கெஞ்சியிருக்கிறோம். “ரிப்பேர் பண்ணத் தெரியாதவன நம்பி எப்படிட்டி ஒரு பொண்ணக் குடுக்க?” என்று வாயை அடைத்துவிடுவாள்.

வெளியீட்டு விழா, விமர்சனம் எல்லாமே கம்பெனி பஸ்ஸில்தான். காலை ஐந்து இருபதுக்கு ஏறினால், வல்லம் வடகால் தாண்டி ஒரகடம் கேட் போய்ச் சேர்வதற்குள் ஒரு அத்தியாயம். மற்ற பஸ்களில் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்க, எங்கள் பஸ்ஸில் மட்டும் உள்விளக்கு எரியும். மணிமங்கலத்துக்காரரான டிரைவர் அண்ணன் தன் பாட்டையும் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். ஒருநாள் நாயகன் முத்தம் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒன்றரைப் பக்கம் யோசித்தான். அதற்குள் கேட் வந்துவிடுமோ என்று அண்ணன் பஸ்ஸை மாட்டுவண்டி வேகத்தில் உருட்டினார். ஏழு நிமிஷம் லேட். சூப்பர்வைசர் கேட்டிலேயே பிடித்துக்கொண்டார்.

“டிராபிக் சார்” என்றார் அண்ணன்.

“அஞ்சரை மணிக்கு இன்னாய்யா டிராபிக்?”

“கன்டெய்னர் சார். பெரிய கன்டெய்னர்.”

முத்தம் கடைசிவரை கொடுக்கப்படவில்லை என்பதில் எங்களைவிட அண்ணனுக்குத்தான் வருத்தம்.

பெரிய ஆபத்து ஒன்று ஆடிட் அன்று வந்தது. எங்களில் எவளோ, பதினான்காம் அத்தியாயத்தைச் செக் ஷீட் என்று நினைத்து, பஞ்ச் போட்டு இன்ஸ்பெக்ஷன் ஃபைலில் கோத்துவிட்டாள். (எவளோ என்ன, நான்தான்.) வெளியிலிருந்து வந்த ஆடிட்டர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். சூப்பர்வைசருக்கு வேர்த்துக் கொட்டியது. பத்து நிமிஷம் கழித்து ஆடிட்டர் தலையைத் தூக்கிக் கேட்டது ஒரே கேள்வி. “இதுக்கு அடுத்த ஷீட் எங்க?”

அவர் அறிக்கையில் ‘பதிவேடு தொடர்ச்சியாக இல்லை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார். அக்காவுக்குக் கிடைத்த முதல் இலக்கிய விமர்சனம் அது. அதற்கு அவள் ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

எல்லாம் ஐந்தாவது நாவலின் இருபத்திரண்டாம் அத்தியாயம்வரை ஒழுங்காகத்தான் போனது. அதில் இன்ஜினியர் வல்லம் வடகால் பஸ் ஸ்டாப்பில், கொட்டும் மழையில், கையில் ஒரு முழம் மல்லிகைப் பூவோடு நிற்கிறான். நாயகி பஸ்ஸுக்குள் இருக்கிறாள். இறங்குவாளா? அவ்வளவுதான், கதை நின்றுவிட்டது. மறுநாள் கேட்டால், “எழுத வரலட்டி” என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். எழுதுகிற பக்கத்தையெல்லாம் சிவப்பாக்கி, கிழித்து, பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

முதலில் பொறுமை இழந்தவர் டிரைவர் அண்ணன். “இன்னாமா இது? மூணு வாரமா அந்த ஆளு மழையில நின்னுகினு கீறான். ஜன்னி வந்து போய்ச் சேந்துடப் போறான். அந்தப் பொண்ண எறக்கி வுடும்மா!”

“எறங்க மாட்டேங்காளே அண்ணாச்சி, நான் என்ன செய்ய?”

எங்களுக்கு வேறு அவசரம். எங்கள் பதினெட்டு பேருக்கும் அந்த மாதக் கடைசியோடு டிரெயினிங் முடிகிறது. கையில் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆளுக்கொரு ஊர். அதற்குள் முடிவு தெரியாவிட்டால் ஜென்மத்துக்கும் தெரியாது. அந்த ஆள் மழையிலேயே நிற்க, நான் எப்படி ஊருக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவேன்?

எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தோம். லைனில் எந்தக் கோளாறு வந்தாலும் அதற்கு ‘வொய்-வொய்’ என்று ஒரு ஃபாரம் உண்டு. ஏன் என்று ஐந்து தடவை கேட்டால் ஐந்தாவதில் உண்மையான காரணம் அகப்படும் என்பது கம்பெனியின் நம்பிக்கை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அந்த ஃபாரத்தை விரித்து, அக்காவை நடுவில் உட்கார வைத்தோம். பேனா என் கையில்.

“கதை ஏன் நின்னுச்சு?”

“அவ பஸ்ஸ விட்டு எறங்கல.”

“ஏன் எறங்கல?”

“எறங்கினா ரெண்டு பேரும் பேசிருவாவ.”

“பேசட்டுமே. ஏன் பேசக் கூடாது?”

“பேசினா கல்யாணம்தான். கதை முடிஞ்சிரும்லா.”

“ஏன் முடியக் கூடாது?”

அக்கா ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “முடிஞ்சா நீங்கல்லாம் போயிருவியளட்டி” என்றாள்.

 எனக்கு நாக்கில் சனி. “கதை முடியலன்னாலும் போவத்தான்க்கா போறோம்” என்று சொல்லிவிட்டேன்.  ஐந்தாவது ஏன் கேட்காமல் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

அக்கா மெல்லப் பையைத் திறந்தாள். ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தாள். எழுதினாள். என் நெற்றியில் ஓங்கி ஒட்டினாள். மற்றவர்கள் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் சாம்பார் வாளியே ஆடியது. ‘குறை: வாய் நீளம்.’

ஃபாரத்தில் கடைசிக் கட்டம் ஒன்று காலியாக இருந்தது. ‘திருத்த நடவடிக்கை’ என்று அதன் பெயர். காலியாக விட்டால் ஃபாரம் செல்லாது. நான் பொறுப்பாக எழுதினேன்: ‘முதல் வேலையாக அந்த ஆளுக்கு ஒரு குடை கொடுக்கவும்.’

மறுநாள் காலை பஸ்ஸில் அக்கா காகிதக் கட்டைப் பிரித்தாள். சிவப்பே இல்லை. நாயகி குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினாள். டிரைவர் அண்ணன் ஆள் இல்லாத ரோட்டில் நீளமாக ஹாரன் அடித்தார். கதை மாதக் கடைசிவரை சரியாக வந்தது. கடைசி நாள் கல்யாணத்தைப் படிக்கும்போது அண்ணன் வல்லம் வடகால் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தியே விட்டார். இறங்கவும் ஆளில்லை, ஏறவும் ஆளில்லை. பதினெட்டு பேரும் அழுதோம். அக்கா மட்டும், “ஏட்டி, கல்யாணத்துக்கு எவளாவது அழுவாளா?” என்று அதட்டிக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். அன்றைக்கும் கன்டெய்னர்தான்.

அதெல்லாம் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. திருவண்ணாமலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன வாரம் எனக்கு ஒரு பார்சல் வந்தது. ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு. டோக்கன் 4417-இன் ஆறாவது நாவல். மற்ற பதினேழு பேருக்கும் வந்திருக்கிறது, கேட்டுவிட்டேன். இந்தத் தடவை இன்ஜினியர் முதல் அத்தியாயத்திலேயே குடையோடு வருகிறான்.

அட்டையைத் திருப்பினால், பழைய அழகான கையெழுத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். ‘குறை: கதை கேட்க பஸ்ஸில் ஆள் இல்லை. எண்ணிக்கை: பதினெட்டு. முடிவு: திருப்பி அனுப்பவும்.’

வெளியாளைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றக் கூடாது. டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டேன். “அத்த வுடும்மா, டிராபிக்னு சொல்லிக்கலாம். நீ வா” என்றார்.

வருகிற திங்கட்கிழமை காலை ஐந்து இருபதுக்கு இருங்காட்டுக்கோட்டை ஸ்டாப்பில் நான் நிற்பேன். மழை வந்தாலும் பரவாயில்லை, குடையை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.