கருப்பசாமிக்கு வைத்த ஜன்னல்

இந்த உலகத்தில் காற்றைக் கண்ணால் பார்த்த ஒரே மனுசர் எங்கள் காத்து சார்தான். நம்பாதவன் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

என்னிடம் இருப்பது ஒரே லாரி. முதலாளியும் நான்தான், டிரைவரும் நான்தான். பாளையம்பட்டியில் பஞ்சுப் பொதி, எங்கள் பாஷையில் பேல், ஏற்றிக் கோயம்புத்தூர் போய் வருவேன். காத்து சார் ஒரு என்ஜினீயரிங் காலேஜில் வாத்தியார். காலேஜை மூடிவிட்டார்கள். இரண்டு வருசமாக வேலை இல்லாமல், நாங்கள் லோடு ஏற்றும் இடத்துக்கு எதிரே டீக்கடையில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்திருப்பார். நிற்கிற லாரிகளைப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி முன்னாலும் பக்கவாட்டிலும் பார்ப்பார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். லேப்டாப்பில் என் லாரி. கேபினுக்கு மேலே நிற்கிற பேல் அடுக்கு முழுக்கச் சிவப்பு.

"அண்ணாச்சி, சிவப்பா இருக்குல்ல, அங்கதான் காத்து முட்டுது. நீங்க ஊத்துற டீசல் பஞ்சை மட்டும் இழுக்கல. காத்தையும் சேத்துத் தள்ளுது."

"காத்து ஊருக்கே பொதுவானது சார். அத நான் என்ன செய்ய?"

"மேல ஏறிப் போகச் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன்."

தகரத்தில் வளைவாக ஒரு கூண்டு அடித்துக் கேபின் உச்சியில் மாட்டினார். தறிக்கூடத்துக் கழிவு நூலை விரல் நீளம் வெட்டி லாரி முழுக்க ஒட்டினார். நூல் துடித்தால் காற்று சுழல்கிறது, படுத்துப் போனால் ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தமாம். என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே ஓட்டை மொபெட்டில் முக்கிக்கொண்டு வந்தார்.

ரெட்டியபட்டி விலக்கில் வண்டியை நிறுத்தினால், ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"எந்தக் கோயிலுக்குய்யா நேர்த்திக்கடன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு நூலைப் பிய்த்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டது. சார் பின்னாலேயே ஓடினார். "ஆத்தா, அது காத்து பாக்குற நூலு, குடுத்துருங்க."

"காத்து கருப்பு அண்டாம இருக்கத்தானய்யா கட்டுறேன்" என்று சொல்லிவிட்டு அந்தம்மா ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டது.

வண்டியை மறுபடி கிளப்பி ஓட்டினேன், மிச்ச நூலெல்லாம் சாதுவாகப் படுத்துப் போனது. சார் மொபெட்டை நிறுத்திவிட்டு நடுரோட்டில் நின்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஓசூரில் ஒரு லாரி கம்பெனிக்காரன், ஒரு மாசம் நிஜமாக ஓட்டி டீசல் குறைந்ததைக் காட்டினால் வேலை பற்றிப் பேசலாம் என்றிருந்தான். "எனக்கு இது ஒண்ணுதான் மிச்சம் அண்ணாச்சி. அறுபதுலயே போங்க. எதையும் மாத்திராதீக" என்றார். தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் எங்கம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டது. கேபின் உச்சியில் கருப்பசாமி படம் உண்டு. கிடா வெட்டிக் கண் திறந்த படம். கூண்டு அதை மறைத்துவிட்டது.

"சாமி கண்ணக் கட்டிப்புட்டு வண்டி ஓட்டுறியே, வெளங்குவியா?"

கண் திறந்த படத்தை இடம் மாற்றக் கூடாது. நான் பெரிய புத்திசாலி அல்லவா? வெல்டிங் பட்டறையில் கூண்டின் முகத்தில் தாம்பாளம் அளவுக்கு ஓட்டை போட்டு, கீல் வைத்து ஒரு மூடி போட்டேன். ஊரைத் தாண்டியதும் திறந்துவிடுவேன், சாமி ரோட்டைப் பார்க்கும். திரும்பும்போது மூடிவிடுவேன், மூடினால் கீழே நிற்கிற சாருக்குத் தெரியாது. திறந்த மூடி யானைக் காது மாதிரி காற்றில் விரிந்து நிற்கும். கூண்டின் ஓரத்து நூல் துடிப்பது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

மாசம் முடிந்தது. டீசல் ஒரு சொட்டுக் குறையவில்லை, கொஞ்சம் கூடத்தான் குடித்திருந்தது. சார் முகம் செத்துப்போனது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கொறஞ்சுதுன்னு எழுதிருங்க சார், எவன் வந்து பாக்கப் போறான்?" என்றேன்.

"காத்து பொய் சொல்லாது அண்ணாச்சி. நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்."

உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினார். கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. டீக்கடைக்கு வருவதை நிறுத்தினார். நாலு மாசத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சு அடைத்துப் போய்விட்டார். எதிரே லேப்டாப்பில் என் லாரி சிவப்பாக நின்றதாம்.

அந்த ஐப்பசி மழையில் கீல் துருப்பிடித்து மூடி திறக்கவில்லை. சுத்தியலால் அடித்துப் பார்த்து, எரிச்சலில் அப்படியே கோயம்புத்தூர் போய் வந்தேன். பெட்ரோல் பங்க்கில் டேங்க்கை நிரப்பினால், கூண்டு மாட்டினால் இவ்வளவுதான் குடிக்கும் என்று சார் கணக்குப் போட்டுக் கேபின் கதவில் பென்சிலால் எழுதி வைத்திருந்த அளவுதான் பிடித்தது. ஒரு லிட்டர் முன்னே பின்னே இல்லை. செருப்பைக் கழற்றி என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சாரின் வீட்டுக்காரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"கடைசி வரைக்கும் தப்புன்னே நெனச்சுக்கிட்டுப் போயிட்டாகளே" என்றார்கள். அவ்வளவுதான்.

மூடியை வெல்டு வைத்து அடைத்துவிட்டேன். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. கூண்டின் ஓரத்தில் அந்த ஒரு நூல் மட்டும் மிச்சமிருக்கிறது, அறுபதில் போகும்போது துடிக்காமல் படுத்து வருகிறது. வண்டி கழுவுகிறவனிடம் எங்கே வேண்டுமானாலும் தேய், அதைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.