ரிட்டன் அண்ணன் ஏற்றிவந்த நாய்

இந்தத் தீவில் வெறுமையாகத் திரும்பும் வாகனங்கள் எல்லாம் தமக்காகவே திரும்புகின்றன என்று நம்பும் ஒரே மனிதர், கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் ரிட்டன் அண்ணன். தாய் தகப்பன் வைத்த பெயர் ஏதாவது இருக்கத்தான் வேண்டும். ஆனால் தபால்காரர்கூட "ரிட்டன் அண்ணே!" என்றுதான் கூப்பிடுவார். அவரைவிட வயதில் மூத்த நானும் அவரை அண்ணன் என்றே அழைக்கிறேன். அவருக்கு நான் 'சேர்'.

சாமான் ஏற்றிக்கொண்டு கண்டிக்கு வரும் லொறி, இறக்கியபின் வெறும் லொறியாக ஊர் திரும்பும். அந்த நேரம் பார்த்துப் போய் நின்றால், டீசலுக்குக் கொஞ்சம் கிடைத்தால் போதும் என்று சாரதி எதையும் ஏற்றிக்கொள்வார். இதற்குப் பெயர்தான் ரிட்டன். ஊரில் எல்லோருக்கும் அது ஒரு வசதி. அண்ணனுக்கோ அது மதம்.

"போறதுக்குத்தான் சேர் சல்லி குடுக்கணும். திரும்பி வர்றது ஆண்டவன் குடுக்கிறது" என்பார்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து அம்பிட்டியவுக்கு வீடு மாறியபோது அவர் ஒரு லொறியை வாடகைக்குப் பிடிக்கவில்லை. அலுமாரி, பாண் ரொட்டி விற்றுத் திரும்பிய வேனில் வந்தது. கட்டில், கல்யாண மேடை கட்டிவிட்டுத் திரும்பிய லொறியில் தாமரைப்பூ அலங்காரத்தோடு வந்து இறங்கியது. மெத்தைக்கு மட்டும் ரிட்டன் அமையவில்லை. கட்டில் இங்கும் மெத்தை அங்குமாக அந்தக் குடும்பம் ஒரு மழைக்காலம் முழுவதும் வாழ்ந்தது. மகளுக்குக் கல்யாணம் முடிந்ததும், கண்டிப் பெரஹெரா ஊர்வலத்துக்கு யானையைக் கொண்டுவந்து இறக்கிய லொறி கேகாலைக்கு வெறுமையாகப் போகிறது என்று கேள்விப்பட்டு, சீர் சாமான்களை அதில் ஏற்றிவிட்டார். மருமகன் வங்கியில் வேலை செய்கிறார். அவருடைய சட்டையில் இன்றைக்கும் லேசாக யானை வாடை அடிக்கும்.

மிச்சம் பிடிக்கும் காசைவிட, வாகனம் வரும்வரை கடையில் உட்கார்ந்து குடிக்கும் தேத்தண்ணிக்கு அவருக்கு அதிகம் செலவாகும். ஒருமுறை அதைச் சுட்டிக்காட்டினேன்.

"தேத்தண்ணி வேற கணக்கு சேர்" என்று முடித்துவிட்டார். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தர்க்கம் படிப்பித்தவன். எனக்கும் ஒரு தேத்தண்ணி சொல்லச் சொன்னேன்.

இப்படிப்பட்டவரிடம் போய் நான்தான் நாய் விஷயத்தைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில், ஆஸ்பத்திரி வேலையிலிருந்து இளைப்பாறிய தாதி ஒருவர், கைவிடப்பட்ட நாய்களை எடுத்து வளர்த்து வந்தார். மகன் அவரை அவுஸ்திரேலியாவுக்கு அழைத்துவிட்டான். வீட்டையும் விற்றாயிற்று. மற்ற நாய்களுக்கெல்லாம் இடம் கிடைத்துவிட, ராசா என்கிற ஒன்று மட்டும் மிஞ்சியது. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் நாட்டை விட்டுப் போன யாரோ, அதைச் சங்கிலியோடு வீட்டுப் பின்வளவில் விட்டுப் போயிருந்தார்கள். யாரும் எடுக்காவிட்டால் அது தெருவுக்குத்தான் போகும் என்று அவர் முகநூலில் எழுதியிருந்தார். வெறும் மணலில் தனியாக நிற்கும் நாயின் படமும் இருந்தது. மனைவி காலமானபின் எனக்கு மாலை நேரங்கள் நீளமாகிவிட்டன. 'இவனை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று எழுதினேன். பழைய மாணவர்கள் வரிசையாக வந்து, 'சேர், தங்க மனசு' என்று போட்டார்கள். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் படவில்லை.

மறுநாள் தாதி இன்னொரு படம் அனுப்பினார். அதில் நாய் அவர் பக்கத்தில் நின்றது. அதன் முதுகு அவருடைய இடுப்புக்கு வந்தது.

அந்தக் கணத்திலிருந்து, அந்த நாயைக் கொண்டுவராமல் இருப்பதற்கு ஒரு கௌரவமான வழியைத்தான் நான் தேடினேன். வேன்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். அவர் கேட்ட வாடகைக்கு நாயை விமானத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்து அனுப்பலாம். ரயிலில் நாய்க்கென்று இருந்த பெட்டியில் அதன் தலை மட்டும் போகும், மீதி பிளாட்போமில் நிற்கும். பஸ் நடத்துநர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நாய்ங்களா சேர்? இதுக்கு டிரைவிங் தெரியுமா?" என்று கேட்டார். ஒவ்வொரு மறுப்பும் எனக்கு இஞ்சி போட்ட பால்தேத்தண்ணி போல இதமாக இறங்கியது. 'எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை' என்று தாதிக்கு எழுதவேண்டியதுதான் பாக்கி. அதற்கு ஒரு சாட்சி இருந்தால் நல்லது என்றுதான் அண்ணனிடம் போனேன்.

"சும்மா கொண்டாந்துரலாம் சேர்!" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அண்ணே, அது கன்றுக்குட்டி சைஸ்."

"யானை லொறி புடிச்சவன் நான். நாய்க்கா மலைக்கப் போறேன்?"

அடுத்த வாரமே ஆளைப் பிடித்துவிட்டார். கண்டியில் காலமான ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவரை, ஊருக்குக் கொண்டுபோக மலர்ச்சாலை வண்டி ஒன்று புறப்படுகிறது. திரும்பும்போது வெறுமை.

"அண்ணே, அது பிரேதம் ஏத்துற வண்டி!"

"ரிட்டன்ல பிரேதம் இல்லைங்களே சேர்."

யாழ்ப்பாணத்துக்கு நாங்கள் போனது, வெங்காயம் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லொறியில். வழி முழுக்க வெங்காயச் சருகு பறந்து, தாதியின் வீட்டு வாசலில் நான் கண்ணீரும் கம்பலையுமாகப் போய் நின்றேன். "ஐயாவுக்கு எவ்வளவு இளகின மனம்" என்று அந்த அம்மா உருகிப்போனார். நான் மறுக்கவில்லை.

ராசாவை நேரில் பார்த்தேன். படம் அடக்கமாகத்தான் சொல்லியிருந்தது. சாம்பல் நிறம், தொங்கும் கன்னம், ஓய்வுபெற்ற நீதவானின் முகம். என்னை மோந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பை ஒத்திவைத்தது.

கரிய நிறத்தில், இரு பக்கமும் கண்ணாடியும் மணிகள் தொங்கும் ஊதாத் திரையுமாக வண்டி வந்து நின்றது. தாதி நெஞ்சில் கைவைத்தார்.

"ஐயோ! உதிலயோ பிள்ளையைக் கொண்டு போகப் போறியள்?"

"ஏசி இருக்குங்கம்மா. நீட்டிப் படுத்துக்கிட்டே வரலாம். இதுவரைக்கும் ஏறின யாரும் ஒரு குறை சொன்னதில்ல" என்றார் அண்ணன்.

தாதி நாயின் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு, "குழப்படி செய்யாதை அப்பன். ஐயா சொல்லுறதைக் கேள்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவன் ஆரையும் விட்டுட்டுப் போகமாட்டான் ஐயா. இவனைத்தான் எல்லாரும் விட்டுட்டுப் போறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டிச் சாரதி சுனில், கண்டியைச் சேர்ந்த சிங்களவர். தமிழ் பேசுவார். ஆனால் அவர் தமிழ் கற்றது முழுக்கச் செத்தவீடுகளில். ஆகவே அவரிடம் இருந்தது ஆறுதல் சொல்லும் தமிழ் மட்டுமே. நாய் ஏற மறுத்து முரண்டு பிடித்தபோது, "எல்லாருக்கும் ஒரு நாள் போறதுதானே" என்றார். கடைசியில் அது தாவி ஏறியதும், "கஷ்டப்படாம போயிட்டார். நல்ல மனுசன்" என்றார்.

கிளிநொச்சி தாண்டும்வரை ராசா படுத்திருந்தது. அதன்பின் எழுந்து உட்கார்ந்து, மூக்கால் திரையை விலக்கி வெளியே பார்க்கத் தொடங்கியது. எங்கள் நாட்டில் மலர்ச்சாலை வண்டியைக் கண்டால் சனங்கள் மரியாதை செய்வார்கள். வவுனியாவில் ஒரு பெரியவர் சைக்கிளை விட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றினார். கண்ணாடிக்குள்ளிருந்து நீதவான் முகம் அவரை உற்றுப் பார்த்தது. தொப்பியைத் திரும்பப் போட்டார். ஒருகணம் யோசித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி கழற்றினார்.

மதவாச்சியில் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர், முந்திப்போவது மரியாதையில்லை என்று விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்லத் தொடர்ந்தார். அவருக்குப் பின்னால் வந்த காரும் விளக்கைப் போட்டது. காரைப் பார்த்து ஒரு வேன். தம்புள்ளையில் சாப்பாட்டுக் கடையொன்றில் நாங்கள் நிறுத்தியபோது, எங்களுக்குப் பின்னால் ஒரு கௌரவமான இறுதி ஊர்வலமே வந்து நின்றது. மோட்டார் சைக்கிள்காரர் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு யாருங்க?"

"யாருமில்லை" என்றேன்.

அண்ணனும் சுனிலும் உள்ளே சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாயைத் தண்ணீர் குடிக்க வைப்பதாகச் சொல்லி, நான் அதைக் கடையின் பின்புறம் கூட்டிப்போனேன். கடை முதலாளி மாத்தளைப் பக்கத்து ஆள். நாயைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"பெரிய உருப்படிங்க ஐயா. பின்னாடி சரக்கு அறைக் காவலுக்கு இப்படி ஒன்னுதான் தேடுறேன். குடுப்பீங்களா?"

"நல்லா பாத்துக்குவீங்களா?"

"சாப்பாட்டுக் கடைங்க. சோத்துக்கு என்ன பஞ்சம்?"

நான் தலையாட்டினேன். மாணவர்களுக்கு என்ன எழுதுவது என்றுகூட மனத்துக்குள் வாக்கியம் ஓடியது: 'இன்னும் நல்ல இடம் அமைந்துவிட்டது.' முதலாளி உள்ளே போய் ஒரு சங்கிலியோடு வந்தார்.

சங்கிலிச் சத்தம் கேட்டதும் ராசா குரைக்கவில்லை, ஓடவில்லை, உறுமக்கூட இல்லை. உட்கார்ந்தது. கழுத்தில் மாட்ட வசதியாகத் தலையைக் குனிந்துகொடுத்தது.

அப்போது நான் 'வேண்டாம்' என்று சொன்னதாக எழுதத்தான் ஆசை. சொல்லவில்லை. பின்னாலிருந்து வந்தது அண்ணனின் குரல். சோறு பிசைந்த கையோடு நின்றார்.

"மன்னிச்சுக்குங்க மொதலாளி. இது ரிட்டன் சாமான். ஏத்தின சாமான நடுவழியில எறக்குற பழக்கம் எங்களுக்கு இல்ல. அப்படி ஒருதரம் எறக்கினா, அப்புறம் எந்த வண்டிக்காரன் என்னைய மதிப்பான்?"

"ஐயாதானே தாரேன்னாரு?"

"ஐயா தண்ணி தரச் சொல்லியிருப்பாரு. ஒங்களுக்கு வேற மாதிரி கேட்டிருக்கும்." என் முகத்தைப் பார்க்காமலே, "இல்லைங்களா சேர்?" என்றார்.

"ஆமா" என்றேன். அந்த ஒரு பொய்யை மட்டும் அவர் எனக்காகத் தயாரித்துக் கொடுத்திருந்தார்.

அங்கிருந்து அண்ணன் முன்னால் உட்காரவில்லை. "நாய்க்கு வயிறு சரியில்ல போல" என்று பின்னால் ஏறிக்கொண்டார். கண்ணாடிக்குள் வெள்ளைச் சாரம் உடுத்திய ஒரு கிழவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, அவர் மடியில் ஒரு பெரிய தலை. மாத்தளைக் கடைத்தெருவில் மரியாதைக்காக எழுந்து நின்ற ஒரு பெண், உள்ளேயிருந்து அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்து அலறிவிட்டார். சுனில் ஜன்னலைத் திறந்து, "அழாதீங்க அம்மா. அவர் நல்ல எடத்துக்குத்தான் போறார்" என்றார்.

மாலையில் வண்டி எங்கள் தெருவில் ஏறி என் வீட்டு வாசலில் நின்றது. நான் தனியாக இருக்கும் கிழவன். மலர்ச்சாலை வண்டி வந்தால் ஊர் என்ன நினைக்கும்? எதிர்வீட்டு அம்மா "ஐயோ சேர்!" என்று ஓடிவந்தார். அடுத்த வீட்டில் ஒருவர் அதற்குள், வருவோர் உட்காரப் பிளாஸ்டிக் கதிரைகளைச் சுமந்து வரத் தொடங்கியிருந்தார். நான் முன் கதவைத் திறந்து இறங்கினேன். அழுகை நின்றது. நின்றதில் சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்ததாக எனக்குப் பட்டது. அந்த நேரம் பின் கதவு திறந்து ராசா இறங்க, கூட்டம் இருந்த இடம் தெரியவில்லை. கதிரைகள் மட்டும் நின்றன.

எல்லோரும் கலைந்தபின் அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, தம்புள்ளையில் நான் உண்மையாகவே குடுத்துட்டேன்."

அவர் நாயின் மேல் ஒட்டியிருந்த ஊதாத் திரையின் மணியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் சேர். சங்கிலி சத்தம் சோறு பிசையிறப்பவே கேட்டுச்சு." மணியைப் பிய்த்தெடுத்துவிட்டு, "தர்க்கம் படிச்சவங்களுக்கு அப்பப்ப இப்படி ஆகும்போல" என்றார்.

அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை. தெருவில் யாரிடமும், நாயைக் கொண்டுவரச் சேர் பட்ட பாடு என்றுதான் சொல்லித் திரிகிறார். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

ராசா என் வரவேற்பறையின் பாதியை எடுத்துக்கொண்டு, மீதியை எனக்கு விட்டிருக்கிறது. மாலையானால் அண்ணன் இறைச்சிக்கடை எலும்புப் பையோடு வருவார். இப்போது முழங்கால் வலி அவருக்கு. ஏற்றத்தில் நின்று நின்றுதான் வருகிறார், சில நாட்களில் வருவதில்லை. அந்த நேரம் வந்ததும் நாய் எழுந்து வாசல் கேட்டடியில் போய் நிற்கிறது. நானும் போய் நிற்கிறேன். நாய்க்குத் துணை என்றுதான் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.